ஆர்டிஸ் போடாத டிக்

அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான்தான். ஆர்டிஸ் மாக்கி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னதற்காகத்தான் எனக்கு வேலை போனது. இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஹாகன் பனிக்குடில் கம்பெனியில் ஃபோன் எடுக்கிறவளாக இருந்தேன். ஏரி உறைந்ததும் பனிமேல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும் மரக்குடில்களை மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். உள்ளே பெஞ்சு, கேஸ் ஹீட்டர், தூண்டில் இறக்கத் தரையில் ஓட்டைகள். பெரியவர் ஓர்வில் ஹாகன் இருந்தவரை ஃபோனில் கேட்டால் காலண்டரில் பெயர் எழுதுவோம், ஆள் வந்ததும் கவுண்டரில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவோம். ஓர்விலுக்கு முட்டிவலி முற்றி, குளிரே வேண்டாமென்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். மகன் ட்ரென்ட் பொறுப்புக்கு வந்தான். வந்த வேகத்தில் தாளையெல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டான், எல்லாம் இனி ஆன்லைன் என்றான்.

அந்த வெப்சைட்டை நான் குறை சொல்ல மாட்டேன். டுலூத் நகரத்திலிருந்து வந்து அதைச் செய்துகொடுத்த பெண் கெட்டிக்காரி. எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாள். நிபந்தனைகள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கடைசி வரி வரை கீழே தள்ளிப் பார்த்தால்தான் சம்மதக் கட்டமே திறக்கும். கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கக் கூடாது. வாடிக்கையாளர் தன் கையால் போட வேண்டும், போடாவிட்டால் பதிவு நடக்காது. அப்போதுதான் அது கோர்ட்டில் நிற்கிற ஒப்பந்தம் என்றாள். ட்ரென்ட் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஏரி உறைந்த முதல் காலையிலேயே ஃபோன் அலற ஆரம்பித்துவிடும். பேசுகிறவர்கள் ஓர்வில் காலத்து ஆட்கள். மனைவியின் இடுப்புப் பிடிப்பு, பக்கத்து வீட்டு நாய், போன வருஷம் தப்பிப் போன மீன் எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் குடில் பேச்சே வரும். அவர்களிடம் 'வெப்சைட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது கதவை முகத்தில் சாத்துவது மாதிரி. இந்த ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

ட்ரென்டிடம் கேட்டேன். "டாய்வோ, ஆர்டிஸ், இவங்கெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டாங்க. என்ன பண்ண?"

"நீயே அவங்க பேர்ல போட்டு விடு வெர்னா."

"சம்மதம்னு டிக் கேக்குதே."

"போடு. அத யாரு படிக்கிறா?"

போட்டேன். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு ஆபீஸ் மின்னஞ்சலையே கொடுத்தேன். 'எங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி, ஆர்டிஸ்' என்று நன்றிக் கடிதம் எனக்கே வரும். ட்ரென்டுக்கும் ஒரு பிரதி போகும். இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

அடுத்து வந்த ஜனவரியில் ஒன்பதாம் குடிலில் ஆர்டிஸின் கை வெந்துபோனது. ஹீட்டரின் கேஸ் குழாய் கழன்று தீ எகிறியது. ஆர்டிஸ் முடி வெட்டுகிறவள். ஊரில் பாதித் தலைகள் அவள் கத்தரிக்குக் கீழே குனிந்தவைதான். வலது கையில் இப்போது விரல்கள் மடங்குவதில்லை. இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒன்பதில் கேஸ் வாசம் வருகிறது என்று அதற்கு முந்தின வாரமே டாய்வோ சொல்லியிருந்தார். நான் ட்ரென்டிடம் சொன்னேன். அவன் போய் டேப் சுற்றிவிட்டு வந்தான்.

ஆர்டிஸ் வழக்குப் போட்டாள். அதற்குக் கம்பெனியின் பதில் நவம்பரில் அவளுக்குப் போயிருக்கிறது. மறுநாளே குளிர்க் கோட்டோடு ஆபீஸுக்குள் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். வலது கையில் தோல் உறை.

"கோர்ட்டுக்குப் போக மாட்டேன்னு நான் சம்மதிச்சேனாமே. எப்போடி சம்மதிச்சேன்?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். எந்தத் தகராறும் கோர்ட்டுக்கும் ஜூரிக்கும் போகாது, கம்பெனி சொல்லும் நடுவர் முன்னால் மூடிய அறையில்தான் நடக்கும், அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனையில் இருக்கிறதாம். ஆர்டிஸ் அதற்கு டிக் போட்டிருக்கிறாளாம்.

"டேப் சுத்தினது யாரு, ஏன் சுத்தினேன்னு அவன் ஊர் முன்னாடி நின்னு சொல்லணும் வெர்னா. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அதையும் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டப் பாக்குறான்."

"ஆர்டிஸ், டிக் போட்டது நான்."

இடது கையால் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். "என் பேர்ல வேற என்னல்லாம் சம்மதிச்சு வச்சிருக்க? இன்னொரு கல்யாணம் ஏதாவது பண்ணி வச்சிட்டியா?"

"அதுக்கு மாப்பிள்ளை கெடைக்கல."

"நீ ஃபோன்ல அத எனக்குப் படிச்சுக் காட்டினியா?"

"இல்ல. நானே படிச்சதில்ல."

"அப்போ அதச் சொல்லு."

"யார் கேட்டாலும் சொல்றேன்" என்றேன். சொன்னால் என்ன ஆகும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை, நினைத்திருந்தாலும் வேறு பதில் வந்திருக்காது.

அடுத்த வாரமே கேட்டார்கள். கேட்டது கம்பெனியின் வக்கீல். மினியாபொலிஸிலிருந்து கேமில் ப்ரூவர் என்று ஒரு பெண்மணி வந்தாள். பனியில் நடக்கத் தெரிந்த பூட்ஸ் போட்டிருந்தாள், அதனால் கொஞ்சம் மரியாதை வந்தது. ட்ரென்ட் அவளை என் மேஜைக்கே அழைத்து வந்தான். காப்பி கொடுத்தேன், நான் சுட்டுக்கொண்டு வந்திருந்த ஓட்ஸ் கேக்கை வெட்டிக் கொடுத்தேன். சண்டைக்கு வந்தவர்களுக்கும் இங்கே கேக் உண்டு.

"மிஸஸ் டால், உங்க பேர்ல ஒரு பிரமாணப் பத்திரம் தயார் பண்ணியிருக்கேன்" என்றாள். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா போதும்."

படித்தேன். என் பெயர் வெர்னா டால், சரி. பதிவுகளைக் கவனிக்கிறவள், சரி. சம்மதக் கட்டம் காலியாகத்தான் வரும், சரி. கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன். 'வாடிக்கையாளர் தானே நிபந்தனைகளைப் பார்த்து, தன் கையால் டிக் போடாமல் எந்தப் பதிவும் நடக்காது.'

"இந்த வரிய எடுத்துடுங்க."

"அந்த வரிக்காகத்தான் பத்திரமே" என்றாள் கேமில்.

"அது பொய்."

ட்ரென்ட் சிரித்தான். கவுண்டரில் வாடிக்கையாளர் முன் சிரிக்கும் சிரிப்பு. "வெர்னா, இது சும்மா ஒரு சம்பிரதாயம். வெப்சைட் அப்படித்தானே வேலை செய்யுது."

"வெப்சைட் அப்படித்தான் செய்யுது. நாம அப்படிச் செய்யல. ஆர்டிஸ் ஃபோன் பண்ணா, நான் டிக் போட்டேன். உன்கிட்ட கேட்டுத்தான் போட்டேன்."

கேமில் கேக்கைக் கீழே வைத்தாள். "அந்த டிக் எந்த நேரத்தில், எந்த இணைப்பிலிருந்து விழுந்ததுன்னு வெப்சைட் குறிச்சு வச்சிருக்கு. அவங்க வீட்டிலிருந்து விழுந்ததா, இல்ல—"

"இந்த ஆபீஸ்லேருந்து விழுந்தது. இதோ இந்தக் கம்ப்யூட்டர். நீங்க கை வச்சிருக்கீங்களே, இந்த மேஜை."

அவள் மேஜையிலிருந்து கையை எடுத்தாள். புத்திசாலி, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ட்ரென்டைத் திரும்பிப் பார்த்து, "இது எனக்கு ஏன் சொல்லப்படல?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் பண்றதுதான்" என்றான் ட்ரென்ட்.

"இப்படி எத்தனை பேருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஊர்க்காரங்க எல்லாருக்கும். வெளியூர்க்காரங்க அவங்களே போட்டுக்குவாங்க."

கேமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு நியாயமாகவே கேட்டாள். ஒருவர் இன்னொருவருக்காக டிக் போடலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆள் அதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். "ஃபோன்ல நிபந்தனைகளப் பத்தி ஒரு வார்த்தையாவது பேசினீங்களா? எனக்காகப் போட்டுடுன்னு அவங்க சொன்னாங்களா?"

ட்ரென்ட் என் நாற்காலியை ஒட்டி வந்து நின்றான். அவன் கண் என்னைக் கெஞ்சியது. 'ஆமாம்' என்று ஒரு சொல். அது போதும், ஆர்டிஸ் ஆயுசுக்கும் மூடிய அறைக்குள் போய்விடுவாள். சின்னப் பையனாக இருந்தபோது இந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தவன் அவன். எனக்கு அவனைப் பிடிக்காமலில்லை. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அவ புருஷனோட இடுப்புப் பிடிப்பப் பத்திப் பேசினோம்" என்றேன். "உருளைக்கிழங்கு போட்டு அடுப்புல வேக வைக்கிற கறிக்கு வெங்காயம் எவ்வளவுன்னு சண்டை போட்டோம். வாலி மீன் இந்த வருஷம் எந்தப் பக்கம்னு கேட்டா. எந்த நாள், எத்தனை பேருன்னு சொன்னா. வச்சிடுறேன்னு நாலு தடவ சொல்லிட்டு வச்சா. நிபந்தனைங்கிற வார்த்தையே வரல."

"உனக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்" என்றான் ட்ரென்ட்.

"வெங்காயம் ஞாபகம் இருக்கு. இது இருக்காதா?"

"வெர்னா, அந்தப் பத்திரம் இல்லேன்னா கம்பெனி தெருவுக்கு வந்துடும். அப்புறம் உனக்கு இந்த நாற்காலி ஏது?"

"நாற்காலிய எடுத்துக்கோ. ஒண்ணு மட்டும் கேளு. அந்தப் பக்கம் ஒப்பந்தம் போட்டது யாரு? ஹாகன் கம்பெனி. இந்தப் பக்கம் டிக் போட்டது யாரு? ஹாகன் கம்பெனியில சம்பளம் வாங்குற நான். நிபந்தனைய அனுப்புனது நீ, வாங்கிக்கிட்டதும் நம்ம ஆபீஸ் மெயில். உனக்கும் உனக்கும்தான் ஒப்பந்தம் ஆகியிருக்கு. ஒன்பதாம் குடில் விஷயமா நீ உன் மேல கேஸ் போட முடியாது. ஆர்டிஸ் எதுக்கு நடுவுல?"

கேமிலின் வாயோரம் லேசாக அசைந்தது. ட்ரென்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, படிச்சுக் காட்டலேன்னே வச்சுக்கோ" என்றான். "காட்டியிருந்தாலும் அவ சரின்னுதான் சொல்லியிருப்பா. எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க. இதுவரைக்கும் ஒருத்தராவது மாட்டேன்னு சொன்னதுண்டா?"

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஏரி உறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது, காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பொத்தானைத் தட்டினேன். வக்கீலும் முதலாளியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன், திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை.

"வக்கீலா? நான் ஒண்ணும் பண்ணலயே" என்றார் டாய்வோ. "வெர்னா, நாலாம் குடில சனிக்கிழமைக்கு போட்டு விடு. ஒன்பது வேண்டாம், புரியுதா?"

"போடுறேன் டாய்வோ. அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும். நீ சம்மதிச்சாத்தான் குடில்."

"என்னத்துக்கு? மீன் பிடிக்கவா, பாதிரியார் ஆகவா?"

வெப்சைட்டைத் திறந்து நிபந்தனைகளை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ட்ரென்ட் ஃபோனை அணைக்கக் கை நீட்டினான். கேமில், "இருக்கட்டும்" என்றாள். பனியின் கனத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றபோது டாய்வோ, "அது ஆண்டவன் பொறுப்பு, சரி" என்றார். நாயைக் கூட்டி வரக் கூடாது என்றபோது, "அத நான் காதுல வாங்கல" என்றார். பிறகு அந்த இடம் வந்தது.

"'ஹீட்டர் உட்பட நிறுவனத்தின் எந்தப் பொருளால் காயம் ஏற்பட்டாலும், வாடிக்கையாளர் நீதிமன்றத்துக்குச் செல்லும் உரிமையையும் ஜூரி விசாரணைக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கிறார். நிறுவனம் நியமிக்கும் நடுவர் முன்—'"

"இரு, இரு. திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"ட்ரென்டோட ஹீட்டர் என்னை எரிச்சாலும் நான் கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். மூடின அறைக்குள்ள, அவன் சொல்ற ஆள்கிட்ட கேக்கலாம். வெளிய வந்து யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"ஆர்டிஸ் இதுக்கா சம்மதிச்சா?"

"அவகிட்ட யாரும் படிச்சுக் காட்டல."

"படிச்சுக் காட்டியிருந்தா அந்த ஃபோனை உன் தலையில போட்டிருப்பா."

"உனக்கு டிக் போடட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம். என் மச்சானோட குடிலுக்குப் போறேன். ஹீட்டர் புகையும், ஆனா அவன் நாணயமானவன். ட்ரென்ட், நீ அங்கதான இருக்க? ஒன்பதுல வாசம் வருதுன்னு நான் சொன்னேன்ல?"

ட்ரென்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டாய்வோ என் தங்கையை விசாரித்தார், அவர் வீட்டு நாய்க்குப் பல் வலி என்றார், வச்சிடுறேன் என்று சில தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

கேமில் பத்திரத்தை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "பொய்னு தெரிஞ்ச ஒண்ண நான் கோர்ட்ல கொடுக்க முடியாது மிஸ்டர் ஹாகன். இதுவரைக்கும் தெரியாது, இப்போ தெரியும். நடுவர் கிட்ட அனுப்பணுங்கிற மனுவ வாபஸ் வாங்கிடுறதுதான் உங்களுக்கு நல்லது. இல்லேன்னா வேற வக்கீல் பாருங்க. அவர்கிட்டயும் இத மறைக்காதீங்க. மிஸஸ் மாக்கியோட வக்கீல் இந்த அம்மாவ எப்படியும் கூண்டுல ஏத்துவார்." என்னிடம் திரும்பினாள். "கேக் நல்லா இருந்தது." மீதித் துண்டை நாப்கினில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் ட்ரென்ட், "நீ கிளம்பு" என்றான்.

"இன்னைக்கா?"

"இப்போவே. எங்கப்பா உன்ன எவ்வளவு நம்பினார்."

இதற்குத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை. "உங்கப்பா ஒவ்வொருத்தரையும் இந்தக் கவுண்டர்ல நிக்க வச்சு, தாள அவங்க பக்கமா திருப்பி வச்சு, படிச்சுட்டுப் போடுங்கன்னு சொல்வார். அவங்க படிக்கிற வரைக்கும் நிப்பார். நீ குப்பையில போட்டது அதத்தான்." என் காப்பிக் கோப்பையையும் கேக் தட்டையும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மறுபடி ஃபோன் அடித்தது. "எடு" என்றேன். "யாரோ குடில் கேக்குறாங்க. டிக்க மறந்துடாத."

ட்ரென்ட் மனுவை வாபஸ் வாங்கினான். வேண்டா வெறுப்பாகத்தான். வழக்கு எங்கள் மாவட்டக் கோர்ட்டிலேயே நின்றது. நான் இரும்புக் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்றுக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்கள் சிலர் என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். ஆர்டிஸ் இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பழகுவதற்குத் தலை கொடுக்க ஊரில் எவனும் துணியவில்லை, என் தலையைக் கொடுத்தேன். ஒரு காது ஓரம் முடி வளர வெகு நாள் ஆனது.

பனி இரண்டு தடவை உருகிய பிறகு விசாரணை வந்தது. கோர்ட்டில் உட்கார இடமில்லை. டாய்வோ நாயைக் காரில் விட்டுவிட்டுச் சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ட்ரென்ட் புது வக்கீலோடு முன் வரிசையில் இருந்தான். டேப் சுற்றியதைப் பற்றி அவன் அன்று மதியம் ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி நின்றேன். கோர்ட் எழுத்தர், என் மகள் வயது இருக்கும், எனக்கு எதிரே வந்து நின்று வலது கையை உயர்த்தச் சொன்னாள். சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். சொல்லிவிட்டு, "இதற்குச் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை காத்திருந்தாள். யாரும் எனக்காகச் சொல்லவில்லை. நான் ட்ரென்டைப் பார்த்தேன், ஆர்டிஸைப் பார்த்தேன். அவள் அன்று உறையைக் கழற்றிவிட்டு, வெந்த கையை ஜூரி பார்க்க மடியில் வைத்திருந்தாள்.

"சம்மதிக்கிறேன்" என்று நானே சொன்னேன், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.